நிரல் எழுதாமல் ஓர் அழகான இணையதளம்: கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கொடைக்கானல் மலையின் வட்டக்கானலில் மூன்று அறை வைத்திருப்பவர், பூம்பாறையில் பூண்டு போடுபவர், பெருமாள்மலையில் களிமண்ணில் கிண்ணம் வனைபவர், தாண்டிக்குடியில் காப்பியும் மிளகும் வைத்திருப்பவர், கேமராவைத் தூக்கிக்கொண்டு சோலைக்காட்டில் பறவைக்காகக் காத்துக் கிடப்பவர். இந்த அத்தியாயம் இவர்களுக்கானது. ஐவருக்கும் ஒரு விஷயம் பொது: வாடிக்கையாளர் முதலில் பார்ப்பது படத்தைத்தான், எழுத்தைப் படிப்பது அதற்குப் பிறகுதான். ஆகவே தளம் கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டும். அதை நீங்களே திருத்தவும் முடிய வேண்டும். விலையை மாற்றும் ஒவ்வொரு தடவையும் மதுரைக்கு ஃபோன் போட்டு ஆளைத் தேடுவது கட்டுப்படியாகாது.

திரையிலேயே பெட்டியை இழுத்து வைத்து, படத்தைப் போட்டு, நிறத்தை மாற்றித் தளம் கட்டும் கருவிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் செய்யும் தவறு, டெம்ப்ளேட்டைப் பார்த்து மயங்குவது. டெம்ப்ளேட்டில் இருப்பது யாரோ ஒரு தேர்ந்த புகைப்படக்காரர் எடுத்த படமும் இரண்டே சொல்லில் ஓர் ஆங்கிலத் தலைப்பும். அந்த அழகு இரவல் நகை. கழற்றி வைத்துவிட்டு உங்கள் படத்தையும் உங்கள் தலைப்பையும் போட்ட பிறகு என்ன மிஞ்சுகிறதோ, அதைப் பார்த்துத்தான் கருவியை முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஒரு ஃபோல்டர்

எந்தக் கருவியிலும் கணக்குத் தொடங்கும் முன் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் போட்டு இவற்றை அதில் சேருங்கள்.

1. உங்களிடம் இருப்பதிலேயே நீளமான தமிழ்த் தலைப்பு. ‘கொடைக்கானல் மலைப்பூண்டு: நேரடி விற்பனை’ மாதிரி.
2. படுக்கைவாக்கில் ஒரு படம், நெடுக்குவாக்கில் ஒரு படம். இரண்டும் உங்கள் ஃபோனில் எடுத்தவையாக இருக்கட்டும்.
3. ஆறேழு வரி விலைப்பட்டியல்.
4. தமிழில் ஒரு பத்தி, அதையே ஆங்கிலத்தில் ஒரு பத்தி.
5. வாட்ஸாப் எண்ணும் கூகுள் மேப் லிங்க்கும்.
6. அடிக்கடி மாறக்கூடிய ஒரு தகவல்.

ஆறாவதைச் சும்மா எண்ணிக்கைக்காகச் சேர்க்கவில்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் அதற்கு மேல் வரம்பும் வந்தது: வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000. இப்படி ஒரு விதி மாறும்போது, விருந்தாளி கேள்வி கேட்கும் முன் உங்கள் தளத்தில் அந்த வரி மாறியிருக்க வேண்டும். அன்றைக்கு நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் இருக்க மாட்டீர்கள்; அடுப்படியிலோ தோட்டத்திலோ இருப்பீர்கள். ஃபோனிலிருந்தே திருத்த முடியுமா என்ற கேள்வி பலருடைய பட்டியலில் கடைசியில் இருக்கும். என் பட்டியலில் அதுதான் இரண்டாவது.

முதலாவது எது? தமிழ் எழுத்து.

தமிழ் உடைகிறதா, பாருங்கள்

வடிவமைப்புக்குப் பேர்போன கருவிகள் பலவற்றில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்து சேரும் ஓர் அசைவு இருக்கும். ஆங்கிலத்தில் பார்க்க நன்றாகவே இருக்கிறது. அதில் ‘கொடைக்கானல்’ என்று போட்டுப் பாருங்கள். நம் கண்ணுக்கு அது ஆறு எழுத்து: கொ, டை, க், கா, ன, ல். கணினியின் கணக்கில் பதினொன்று. க தனி, ஒகரக் குறி தனி, ட தனி, ஐகாரக் குறி தனி, புள்ளியும் தனி. அசைவை எழுதியவர் தமிழை நினைத்து எழுதவில்லை என்றால் அந்தப் பதினொன்றும் தனித்தனியாகப் பிய்ந்து வரும். துணையில்லாத ஐந்து குறிகளும் புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். ஊர்ப்பெயரே ஊனமாகிவிடும். அசைவு வேண்டுமென்றால் ‘சொல் சொல்லாக’ அல்லது ‘வரி வரியாக’ என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அசைவை அணைத்துவிடுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை.

சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. ஃபாண்ட் பட்டியலில் தமிழ் ஃபாண்ட் இருக்கிறதா? கூகுள் ஃபாண்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ், பவனம், மீரா இனிமை என்று இலவசமாகவே கிடைக்கின்றன. கருவியின் பட்டியலில் இல்லாவிட்டால் ஃபாண்ட் கோப்பை நாமே ஏற்ற வழி உண்டா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத கருவியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

2. வரி இடைவெளியைக் கூட்டுங்கள். ஆங்கில டெம்ப்ளேட்டுகளில் தலைப்புக்கு 1.1 அல்லது 1.2 வைத்திருப்பார்கள். தமிழில் மேல் வரியின் ‘ழு’வும் கீழ் வரியின் ‘கி’யும் இடித்துக்கொள்ளும். தலைப்புக்கு 1.4, பத்திக்கு 1.6 முதல் 1.7 வரை என் கணக்கு.

3. எழுத்து இடைவெளியைச் சுழியமாக்குங்கள். எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் பொருந்தும் அலங்காரம். தமிழில் அது பல் விழுந்த வாய்.

4. சாய்வெழுத்தை நிறுத்துங்கள். பெரும்பாலான தமிழ் ஃபாண்டுகளில் சாய்வு வடிவமே கிடையாது. பிரௌசர் தானாகச் சாய்த்துக் காட்டும், பார்க்கச் சகிக்காது.

5. பட்டனில் ‘அறை முன்பதிவு செய்ய’ என்று எழுதுங்கள். எட்டு எழுத்து ஆங்கிலத்துக்காக அளவெடுத்த பட்டன் இரண்டு வரியாக உடைகிறதா, அகலமாக விரிந்து கொடுக்கிறதா?

6. பக்க முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்த முகவரியை வாட்ஸாப்பில் ஒட்டினால் பல இடங்களில் அது சதவீதக் குறிகளாக விரிந்துவிடும். ஒரு குறிக்கு ஒன்பது வீதம், ‘கொடைக்கானல்’ என்ற ஒரே சொல் 99 குறி நீளத்துக்குப் போகும். பார்க்கிறவர் வைரஸ் லிங்க் என்று நினைத்து அழித்துவிடுவார்.

எச்சரிக்கை: பழைய நோட்டீஸ், மெனு கார்டு எல்லாம் பாமினி போன்ற பழைய ஃபாண்டுகளில் அடித்தவையாக இருந்தால் அப்படியே ஒட்டாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரிவது அடுத்தவர் ஃபோனில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும், கூகுள் தேடலிலும் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, ஒரு தடவை படித்துப் பார்த்து ஒட்டுங்கள். மாற்றும்போது ‘ர’வும் துணைக்காலும் குழம்புவது வழக்கம்.

தூண்பாறை எங்கே போயிற்று?

தூண்பாறையைப் படுக்கைவாக்கில் எடுத்த ஒரு படத்தை முகப்பில் போடுகிறீர்கள். கம்ப்யூட்டரில் பிரமாதமாகத் தெரிகிறது: சுமார் 120 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் பாறைகள், இடையில் மஞ்சு. ஃபோனில் திறந்தால் வெறும் மஞ்சு. பாறைகள் இடமும் வலமும் வெட்டுப்பட்டுப் போயிருக்கும்; நடுவில் இருந்த வெள்ளை மட்டும் நிற்கும். அதன்மேல் வெள்ளை எழுத்தில் உங்கள் விடுதியின் பெயர். பெயரும் தெரியாது, பாறையும் தெரியாது.

கருவியில் இரண்டு வசதிகளைத் தேடுங்கள். ஒன்று, படத்தில் எந்த இடம் வெட்டுப்படக் கூடாது என்று புள்ளி வைத்துக் காட்டுவது. இரண்டு, ஃபோனுக்கென்று வேறு படத்தை வைப்பது. இரண்டாவது இருந்தால் முதலாவது இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். நெடுக்குப் படத்தை ஃபோல்டரில் சேர்க்கச் சொன்னது இதற்குத்தான்.

அடுத்தது எடை. ஃபோன் கேமராவின் ஒரு படம் 4, 5 எம்.பி. வரும். பத்துப் படம் போட்டால் 50 எம்.பி. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் பாதையில், டம் டம் பாறை பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ‘இன்னும் எவ்வளவு தூரம்’ என்று உங்கள் தளத்தைத் திறக்கிறவருக்கு சிக்னல் ஒரு கோடு வந்து போகும். அவருக்காகக் கட்டுங்கள்.

1. படத்தின் அகலத்தை 1,600 பிக்சலுக்குக் குறையுங்கள். முழுத்திரைப் படம் என்றால் 2,000.
2. வெப்பி (WebP) வடிவில் சேமியுங்கள். ஸ்கூஷ் என்ற இலவசக் கருவி பிரௌசரிலேயே செய்துகொடுக்கும். ஒரு படம் 200 கே.பி.க்குள் அடங்கட்டும்.
3. கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் சோதனைப் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். ‘மொபைல்’ பிரிவில், பக்கத்தின் பெரிய படம் வந்து நிற்க 2.5 நொடிக்குள் ஆனால் நல்லது. 4 நொடிக்கு மேல் போனால் படத்தை மேலும் குறையுங்கள், அசைவுகளை நீக்குங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் கோளாறு கருவியில்.
4. முகப்பில் தானாக ஓடும் வீடியோ வேண்டாம். அருவி வீடியோ எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

குறிப்பு: ஃபோன் படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ். குறிப்பு ஒளிந்திருக்கும். விடுதிப் படத்துக்குப் பரவாயில்லை. பறவைக் கூடு, அரிய ஆர்க்கிட் போன்ற படங்களை ஏற்றும்போது அதை நீக்கிவிடுங்கள். கூட்டைத் தேடிக் கூட்டம் வந்தால் பறவை அந்தப் பக்கம் வராது.

எந்தக் கருவி?

எல்லாவற்றையும் எல்லோரும் சோதிக்க வேண்டியதில்லை. வேலையைப் பொறுத்து இரண்டைப் பிடியுங்கள். ஒரே பக்கத்தை இரண்டிலும் கட்டுங்கள். அரை நாள் போதும். எது கைக்கு வருகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஒரே பக்கம் போதும் என்றால் கார்ட் (Carrd) அல்லது கேன்வா. கல்யாணப் பத்திரிகை செய்தவருக்குக் கேன்வா ஏற்கெனவே பழக்கம். பத்துப் பக்கத் தளமாக வளரும் என்ற எண்ணம் இருந்தால் இரண்டையும் தொடாதீர்கள்.

விக்ஸ் பழகுவதற்கு எளிது. எதையும் எங்கும் இழுத்து வைக்கலாம். அதுவே அதன் ஆபத்து, ஃபோன் வடிவத்தைத் தனியாக உட்கார்ந்து சீர் செய்ய வேண்டியிருக்கும். ஃபோன் செயலியிலிருந்து திருத்தலாம். இலவசத் திட்டத்தில் அவர்களுடைய விளம்பரம் தெரியும். வழக்கமான விக்ஸில் ஒரு டெம்ப்ளேட்டில் தொடங்கிய தளத்தை இன்னொரு டெம்ப்ளேட்டுக்கு மாற்ற முடியாது. தாலி கட்டிய மாதிரிதான்.

ஸ்குவேர்ஸ்பேஸில் கை தவறினாலும் அழகு கெடாது. புகைப்படக்காரருக்கும் குயவருக்கும் பொருந்தும். நிரந்தர இலவசத் திட்டம் இல்லை. 14 நாள் சோதனை உண்டு, அரை நாள் வேலைக்கு அது தாராளம்.

வெப்ஃப்ளோவும் ஃப்ரேமரும் வடிவமைப்பாளர்களின் செல்லப்பிள்ளைகள். இணையத்தில் நீங்கள் பார்த்து வியந்த தளங்களில் பல இவற்றில் கட்டியவையாக இருக்கும். வெப்ஃப்ளோவில் பெட்டிக்குள் பெட்டி என்ற கணக்குப் பிடிபட வாரக்கணக்கில் உட்கார வேண்டும். பிடிபட்டுவிட்டால் நினைத்ததைச் செய்யலாம். ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவி தெரிந்தவருக்கு ஃப்ரேமர் வீட்டுத் திண்ணை மாதிரி. இரண்டும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்காகக் கட்டப்பட்டவை. விருந்தாளிக்குத் தோசை வார்த்துக்கொண்டே இ-பாஸ் வரியை மாற்ற நினைப்பவருக்கு இவை தோதுப்படாது. தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு மொழி வேண்டுமென்றால் இவற்றின் மொழி வசதிக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஐந்து பக்கத் தளத்துக்கு அது வீண் செலவு. தமிழுக்கு ஒரு பக்கம், ஆங்கிலத்துக்கு ஒரு பக்கம் என்று கையாலேயே கட்டி, மேலே ஒரு பட்டனால் இணைத்துவிடுங்கள்.

வேர்ட்பிரஸ் 2003 முதல் இருக்கிறது, திறமூலம், உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டு அதில்தான் ஓடுகின்றன. அதன்மேல் எலிமென்டார் என்ற நீட்சியைப் போட்டால் இழுத்து வைத்துக் கட்டலாம். ஹோஸ்டிங், புதுப்பித்தல், பேக்கப் மூன்றும் உங்கள் தலையில். வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால் தைரியமாக இறங்கலாம்.

ஜோஹோ சைட்ஸ் நம்மூர் நிறுவனத்தினுடையது. பில் ரூபாயில் வரும். ஏற்கெனவே ஜோஹோ மெயில், கணக்குப் புத்தகம் வைத்திருப்பவருக்கு வசதி. அழகில் மேலே சொன்னவற்றுக்கு ஒரு படி கீழே என்பது என் அபிப்பிராயம்.

என்னைக் கேட்டால், விடுதிக்காரருக்கு விக்ஸ் அல்லது வேர்ட்பிரஸ், கலைஞருக்கு ஸ்குவேர்ஸ்பேஸ் அல்லது ஃப்ரேமர், ஆன்லைனில் காசு வாங்கி அனுப்புகிறவருக்கு வேர்ட்பிரஸ்.

காசு வாங்கும் வழி

வேர்ட்பிரஸ் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டுக் கருவிகளின் கடை வசதி பெரும்பாலும் ஸ்டிரைப், பேபால் இரண்டையும் நம்பியது. இந்தியாவுக்குள் நடக்கும் பணப் பரிமாற்றத்தைப் பேபால் 2021 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. ஸ்டிரைப் 2024 முதல் இங்கே அழைப்பின் பேரில்தான் புதிய கணக்குகளைச் சேர்க்கிறது. வேர்ட்பிரஸின் வூகாமர்ஸ் கடை வசதியில் ரேஸர்பே போன்ற இந்தியச் சேவையை இணைத்தால் யு.பி.ஐ. தானாக வந்துவிடும்.

மாதம் இருபது ஆர்டர்தான் என்றால் இந்தத் தலைவலியே வேண்டாம். ‘வாட்ஸாப்பில் ஆர்டர் செய்ய’ என்று ஒரு பட்டன் வையுங்கள். லிங்க்கில் எண்ணைக் கொடுக்கும்போது 91 சேர்க்க வேண்டும், கூட்டல் குறி சேர்க்கக் கூடாது. யு.பி.ஐ. க்யூஆர் படத்தைத் தளத்தில் போடாதீர்கள். ஆர்டரை உறுதி செய்த பிறகு அனுப்புங்கள். தளத்தை அப்படியே நகலெடுத்து, க்யூஆரை மட்டும் தன்னுடையதாக மாற்றி வைப்பது மோசடிக்காரருக்குப் பத்து நிமிட வேலை.

மலைப்பூண்டு விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரின் புகழ் நம் எல்லோருக்கும் பொது. அந்தச் சின்னத்தைத் தளத்தில் போட வேண்டுமென்றால் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொண்டு போடுங்கள்.

வெளியே போகும் கதவு

கூகுள் பிசினஸ் பக்கத்தோடு ஓர் இலவசத் தளமும் முன்பெல்லாம் கிடைத்துவந்தது. மலையில் பல கடைகளுக்கு அதுதான் ஒரே முகவரி. 2024 மார்ச்சில் கூகுள் அதை மூடிவிட்டது. கருவி எதுவானாலும் ஒருநாள் விலை ஏறும் அல்லது கதவு சாத்தப்படும். அன்றைக்கு எதைத் தூக்கிக்கொண்டு வெளியேற முடியும்?

வேர்ட்பிரஸிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேறு ஹோஸ்டிங்குக்குப் போகலாம். ஸ்குவேர்ஸ்பேஸிலிருந்து எழுத்தில் ஒரு பகுதியை வேர்ட்பிரஸுக்கு ஏற்ற வடிவில் எடுக்கலாம், வடிவமைப்பு வராது. வெப்ஃப்ளோவில் உரிய கட்டணத் திட்டத்தில் இருந்தால் நிரலை இறக்கலாம். ஆனால் படிவங்கள் வேலை செய்யாது, பட்டியலில் சேர்த்த உள்ளடக்கம் தனியாகத்தான் வரும். விக்ஸிலும் ஃப்ரேமரிலும் கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து எடுத்துப்போக வழியில்லை. அதற்காக அவற்றை ஒதுக்க வேண்டாம். படங்களின் மூலப் பிரதி, எழுத்து எல்லாம் அந்த முதல் ஃபோல்டரில் எப்போதும் இருக்கட்டும். தளத்தில் ஒன்றை மாற்றினால் ஃபோல்டரிலும் மாற்றுங்கள். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) உங்களுடையதாக இருந்தால் வீட்டை மாற்றினாலும் முகவரி மாறாது.

பூட்டும் சாவியும்

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறை. முதல் தளத்தைத் தெரிந்த பையன் ஒருவன் கட்டிக்கொடுத்தான். டொமைன் அவன் பெயரில், மெயில் அவனுடையது, கார்டு மட்டும் என்னுடையது. சீசன் நடுவே ஒரு மே மாதம் ஆட்டோபே நின்றுபோனது. எச்சரிக்கை மெயில்கள் அவனுடைய பழைய முகவரிக்குப் போய்ச் சேர்ந்தன. அவன் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தான். நான்கு நாள் தளம் இல்லை. வருஷா வருஷம் திண்டுக்கல்லிலிருந்து வருகிற ஒருவர் ‘விடுதியை மூடிட்டீங்களாண்ணே?’ என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும். அதன்பின் நான் கைக்கொள்வது:

1. டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் கையால் வாங்குங்கள். கட்டிக்கொடுப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. முதலாண்டு விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள்.
2. மாதக் கட்டணம் வேண்டாம், ஆண்டுக் கட்டணமாகக் கட்டுங்கள். ரிசர்வ் வங்கியின் 2021 அக்டோபர் விதிக்குப் பிறகு வெளிநாட்டு நிறுவனங்களின் தானியங்கிக் கட்டணம் பல கார்டுகளில் மறுக்கப்படுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை என்றால் ஓ.டி.பி. போட்டு நீங்களே கட்டிவிடலாம். டாலர் விலையோடு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.
3. புதுப்பிக்கும் தேதி மே மாதத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.
4. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். மீட்புக் குறிகளைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள்.
5. உதவிக்கு வருகிறவருக்குப் பாஸ்வேர்டைக் கொடுக்காமல், கருவியிலேயே ‘கூட்டாளி’ அனுமதி கொடுங்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.
6. தளத்தின் படிவத்தில் ஆதார், பாஸ்போர்ட் நகல் கேட்காதீர்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தைப் பதிய வேண்டும் என்பது உண்மைதான். அதை அவர் வந்து இறங்கிய பிறகு, அரசின் தளத்தில் நேரடியாகப் பதிந்தால் போதும். பெயர், தேதி, ஃபோன் எண்: படிவத்துக்கு இவ்வளவுதான்.

வெளியிடும் முன்

தளத்தை வீட்டு வைஃபையில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். உங்களுக்கு அது மனப்பாடம். மூஞ்சிக்கல்லில் நிற்கும் ஒரு டாக்ஸி டிரைவரிடம் முகவரியைச் சொல்லி, அவருடைய ஃபோனில், அவருடைய சிக்னலில் திறக்கச் சொல்லுங்கள். மூன்றே கேள்வி: இது என்ன இடம், வாடகை எவ்வளவு, எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் நின்று கை காட்டாதீர்கள். எங்கே அவருடைய விரல் தயங்குகிறதோ அங்கே திருத்துங்கள். அதே சோதனையைக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவரிடமும் செய்யுங்கள். வெளிர் சாம்பல் எழுத்து எவ்வளவு பெரிய குற்றம் என்று அப்போது தெரியும்.

இந்த வேலைக்கு ஏற்ற மாதம் ஜூலை. சீசன் கூட்டம் இறங்கியிருக்கும், அறைகள் காலியாக இருக்கும், டாக்ஸி டிரைவருக்கும் பேச நேரம் இருக்கும். ஏப்ரலில் தொடங்காதீர்கள்.